டி.டி.எஸ். 940: ஆர்.ஓ. வாங்குவதா, வேண்டாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுப் புழக்கத்துக்கும் குடிக்கவும் 620 அடி போர் தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் தெருக்குழாயில் வாரம் ஒருமுறை வரும், சில சமயம் பத்து நாளாகும். போன வாரம் ஆர்.ஓ. மெஷின் விற்பவர் ஒருவர் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து டி.டி.எஸ். 940 என்றார். இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, கம்பிகளை விட்டு, கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் பழுப்பாகத் திரிந்து நுரைத்தது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. 50-க்குக் கீழே இருந்தால்தான் குடிக்கலாம் என்கிறார். என் தம்பியோ, 'ஆர்.ஓ. தண்ணீரை உலகச் சுகாதார நிறுவனமே தடை செய்துவிட்டது, எலும்பை அரிக்கும்' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். பிரசவத்துக்கு வந்த மகளும் இரண்டு மாதக் குழந்தையும் வீட்டில் இருக்கிறார்கள். மாமியாருக்கு மூட்டுவலி, அதற்கும் தண்ணீர்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? ஆதாரத்தோடு சொன்னால் குரூப்பிலும் போட்டுவிடுவேன்.

பதில்:

விற்க வந்தவர் சொன்னதும் தப்பு, தம்பி சொன்னதும் தப்பு. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு, தமிழில் மொத்தக் கரைபொருள். 940 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மெஷின் வாங்கு என்றோ வாங்காதே என்றோ யாரும் சொல்ல முடியாது. அந்த 940-க்குள் என்னென்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அதற்கு ஆய்வக அறிக்கை ஒன்று போதும். அது கையில் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்து வைத்து, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டம்ளர் வித்தை. வீட்டுக்கு வீடு இதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். அந்தக் கருவியில் இரண்டு ஜோடிக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். கரண்ட் ஓடும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த இரும்பு தண்ணீரில் சேர்ந்து முதலில் பச்சை கலந்த சாம்பல் நிறமாகவும், பிறகு துருவின் பழுப்பாகவும் மாறுகிறது. நுரையாகக் கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. நீங்கள் பார்த்த அழுக்கு முழுக்க அந்தக் கம்பியிலிருந்து வந்தது, உங்கள் போரிலிருந்து வரவில்லை. உப்புக் கரைந்த தண்ணீரில் கரண்ட் நன்றாக ஓடும், அதனால் கம்பி வேகமாகக் கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் ஓடாது, கம்பி கரையாது, நிறமும் மாறாது.

அடுத்த முறை வந்தால், அவர் கொண்டுவரும் ஆர்.ஓ. டம்ளரிலேயே இரண்டு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதே பழுப்பு, அதே நுரை வரும். கருவியை அவரே கையாளட்டும். கரண்ட் ஓடும்போது நீங்கள் தொடவேண்டாம். வேலை முடிந்ததும் இரும்புக் கம்பியைத் துடைத்துப் பார்த்தால் நுனி அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

இனி மீட்டர். பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர் எந்த உப்பையும் எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்று உத்தேசமாகக் காட்டுகிறது. சில மீட்டர்கள் 0.5-ஆல் பெருக்கும், சில 0.7-ஆல். ஒரே தண்ணீர் ஒரு மீட்டரில் 940, இன்னொன்றில் 670 என்று காட்டினால் இரண்டும் பழுதில்லாமலே இருக்கலாம். உங்களிடம் மீட்டர் இருந்தால் இப்படிச் சரிபார்க்கலாம்: 5 கிராம் உப்பை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். அதில் 100 மில்லியை எடுத்து, 900 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து அளவிடுங்கள். உப்புப் போடாத ஆர்.ஓ. தண்ணீர் காட்டிய எண்ணைவிட ஏறத்தாழ 500 கூடியிருந்தால் அது 0.5 மீட்டர், 700-ஐ ஒட்டிக் கூடியிருந்தால் 0.7 மீட்டர். இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் எங்கோ நின்றால் மீட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

எண் சரியாகவே இருந்தாலும் அது சொல்வது கொஞ்சம்தான். மளிகைப் பையைத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். உள்ளே இருப்பது அரிசியா எலி மருந்தா என்பது தெரியாது. ஒரு லிட்டரில் 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தால் அது எலும்பு, பல் விஷயத்தில் கவலைப்பட வேண்டிய அளவு. ஆனால் 940-ல் 2 என்பது மீட்டரின் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். கிருமிகளையும் பூச்சிமருந்து எச்சத்தையும் மீட்டர் பார்ப்பதே இல்லை. சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீர் 300 காட்டலாம். இளநீரில் மீட்டரை விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும்!

'50-க்குக் கீழே' என்ற பேச்சு எங்கும் எழுதப்பட்டதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012-ம் ஆண்டுப் பதிப்பு. மொத்தக் கரைபொருளுக்கு அதில் இரண்டு எண்கள் உண்டு: ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கும் உச்ச அளவு 2,000. உங்கள் 940 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், கரைபொருளுக்கு உடல்நல அடிப்படையில் வரம்பே வைக்கவில்லை. ருசியைப் பற்றி மட்டும் சொல்கிறது: ஏறத்தாழ 600 வரை நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் போகப்போகக் குடிக்கப் பிடிக்காது. கீழ் வரம்பு என்று இரண்டு ஆவணங்களிலுமே ஒன்றும் கிடையாது.

தம்பிக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் ஆர்.ஓ.வைத் தடை செய்யவில்லை. தண்ணீர் மெஷினைத் தடை செய்யும் அதிகாரமும் அதற்கு இல்லை. அது வழிகாட்டுதல்தான் வெளியிடும், சட்டம் போடுவது அந்தந்த நாட்டு அரசு. இந்த வதந்திக்கு மூலம் என்று பார்த்தால் இரண்டு உண்மைகள் தென்படுகின்றன. ஒன்று, குடிநீரிலுள்ள சத்துகள் பற்றி அந்த நிறுவனம் 2005-ல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு. அதில் ஒரு கட்டுரை, கனிமம் நீக்கிய தண்ணீரையே நெடுங்காலம் குடிப்பதில் உள்ள ஆபத்துகளைப் பேசுகிறது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் கால்சியமும் 10 மில்லிகிராம் மக்னீசியமும் இருப்பது நல்லது என்கிறது. கட்டுரையாளரின் பரிந்துரை அது. நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டுதலில் அப்படி ஒரு குறைந்தபட்ச அளவு இடம்பெறவில்லை. இரண்டாவது, 2019-ல் நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கரைபொருள் 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய அறிவிக்கை வெளியிடுமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அது உத்தரவிட்டது. அதன் முக்கியக் கவலை வீணாகும் தண்ணீர். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் 'உலகச் சுகாதார நிறுவனம் தடை' கிடைத்துவிடுகிறது.

எலும்பை அரிக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளைக்கு 2 லிட்டரில் 160 மில்லிகிராம். ஆர்.ஓ. போட்டால் இதில் பெரும்பகுதி போய்விடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், பாலூட்டும் தாய்க்கு 1,200 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு டம்ளர் பசும்பாலில், 200 மில்லிக்கு, சுமார் 240 இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350-ஐ ஒட்டி இருக்கும். அத்தனையும் உடம்பில் ஒட்டாது என்றாலும் நல்ல பங்குதான். ஆக, பாலும் கேழ்வரகும் கீரையும் புழங்கும் வீட்டில் தண்ணீரில் போகும் 160-ஐ ஈடுகட்டிவிடலாம். சாப்பாடே குறைவாக உள்ள வீட்டில் அந்த 160 பெரிய இழப்பு. தம்பி பயப்படுவதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு, இதற்கு மேல் இல்லை.

கடினத்தன்மையால், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தால், சிறுநீரகக் கல் வரும் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். கடினத்தன்மைக்கும் உலகச் சுகாதார நிறுவனம் உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஐ.எஸ். 10500-ல் 200, 600 என்று இருப்பதில் பெரும்பங்கு ருசி, சோப்பு நுரைக்காதது, குழாயில் உப்பு அடைப்பது போன்ற காரணங்களுக்காக. ஏற்கெனவே கல் வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கல் வராமலிருக்க முதல் வழி நிறையத் தண்ணீர் குடிப்பது. உப்புக் கரிக்கிறது என்று குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்கே அந்த ஆபத்து கூடுதல்.

சரி, ஆய்வகம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது; பொதுமக்கள் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். போகும் முன் போனில் கேட்டு, கிருமிப் பரிசோதனைக்கு எந்த நாளில், எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவை: பி.எச்., மொத்தக் கரைபொருள், கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு. கூடவே கோலிஃபார்ம், ஈ.கோலை என்ற கிருமிகள். 'குடிநீர்ப் பரிசோதனை' என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் ஃபுளோரைடை விட்டுவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி அறிக்கைகள் கெட்டுப்போகின்றன. ரசாயனப் பரிசோதனைக்கு 2 லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். கலர் பாட்டிலும் எண்ணெய் கேனும் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குள் விழும் குழாய் வாயிலேயே பிடியுங்கள். தொட்டியில் நாள்கணக்கில் நின்ற தண்ணீர் வேறு, போர் தண்ணீர் வேறு. அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு இதெல்லாம் செய்யக்கூடாது. ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டில் தரும். அதை அலசவே கூடாது. உள்ளே வெள்ளையாகத் தூளோ சொட்டோ இருந்தால் அது குளோரினை முறிக்கப் போட்ட மருந்து, கொட்டிவிடாதீர்கள். நீங்கள் குடிக்கப் பிடிக்கிற குழாயிலேயே எடுங்கள்: குழாய் வாயைத் துடைத்து, உலோகக் குழாயானால் தீயில் காட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடியுங்கள். கொஞ்சம் காலியிடம் விட்டு மூடி, ஐஸ் போட்ட பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஃபுளோரைடு. ஐ.எஸ். 10500 ஏற்பது லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. உலகச் சுகாதார நிறுவனமும் 1.5 என்கிறது. உங்கள் வட்டாரத்தில் இதைத் தள்ளிவிட முடியாது: கடினப் பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீரில், பாறையிலுள்ள ஃபுளோரைடு தாதுக்கள் மெல்லக் கரைந்து சேர்கின்றன. வடக்கே உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பாதிப்புக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்பும் இருக்கிறது. ஆய்வக அறிக்கை வரும்வரை ஒரு தடயம் பார்க்கலாம். உங்கள் தெருவிலேயே பிறந்து, அந்த போர் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிலைத்த முன்பற்களைப் பாருங்கள். பல்லின் குறுக்கே சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ பல பிள்ளைகளுக்கு ஒன்றுபோல இருந்தால் ஃபுளோரைடு மேல் சந்தேகப்படலாம். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களின் பற்களில் இது தெரியாது. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது.

மாமியாரின் மூட்டுவலிக்கு இது காரணமா என்பதை அறிக்கையும் டாக்டரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் அதிக ஃபுளோரைடு சேர்ந்தால் மூட்டும் முதுகும் இறுகி வலிக்கும் என்பது உண்மை. வயதான காலத்து முழங்கால் தேய்மானத்துக்கும் அதே வலிதான். ஃபுளோரைடு 1-க்குள் இருந்தால் தண்ணீர்மேல் பழி போடுவதை விட்டு வைத்தியத்தைப் பாருங்கள். 1.5-ஐத் தாண்டியிருந்தால் அறிக்கையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டாவது நைட்ரேட். வரம்பு 45 மில்லிகிராம், இதில் தளர்வே கிடையாது. செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம், உரம் போட்ட வயல் ஆகியவற்றிலிருந்து மண்ணில் இறங்கி வருவது இது. குழந்தைக்காக நான் முதலில் கேட்கச் சொல்லும் எண் இதுதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பவுடர் பால் கரைக்கத் தண்ணீரை நன்றாகக் காய்ச்சுவார்கள், ஆனால் காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்ட, மிச்சத்தில் அது இன்னும் கூடும். ஃபுளோரைடுக்கும் இதே கதிதான்.

இரண்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம், வெயில் காலமானாலும் சரி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டாக்டர் பவுடர் பால் எழுதிக் கொடுத்திருந்தால், அறிக்கை வரும்வரை அதைப் போர் தண்ணீரில் கரைக்காதீர்கள்.

ஈ.கோலை இருந்தால் அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை. தொட்டியைக் கழுவி, ஆயிரம் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். குழாயில் பிடிக்கும்போது எஞ்சிய குளோரின் 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பவுடர் பழையதாகி வாசமே இல்லாமல் போயிருந்தால் அளவெல்லாம் வீண். குடிக்கக் காய்ச்சினாலே போதும். ஆனால் போரிலேயே கிருமி வருகிறது என்றால், செப்டிக் டேங்க் எங்கே கசிகிறது, போரின் கேசிங் பைப்பைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்து அடைக்காமல் தீராது.

ஆக, ஃபுளோரைடு 1-க்குள், நைட்ரேட் 45-க்குள், குளோரைடும் உங்கள் நாக்கு தாங்கும் அளவு (தரம் சொல்வது 250, வேறு வழியில்லாவிட்டால் 1,000) என்றால் ஆர்.ஓ. அவசியமில்லை. புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யூ.வி. ஃபில்டரோ காய்ச்சிய தண்ணீரோ போதும். ருசிக்காக வாங்கினால் அது உங்கள் விருப்பம். காவிரித் தண்ணீரை மூடியும் குழாயும் உள்ள டிரம்மில் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் வாரம் முழுக்க ஓட்ட முடியுமானால் அதைவிட மலிவான வழி கிடையாது. ஃபுளோரைடோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டி, காவிரித் தண்ணீரும் பற்றாது என்றால் ஆர்.ஓ. வாங்கத்தான் வேண்டும். அப்போது குடிக்க மட்டும் என்றில்லாமல் சோறு, குழம்பு, டீ எல்லாவற்றுக்கும் அதே தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உலையில் போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள ஃபுளோரைடு சோற்றோடு வயிற்றுக்குத்தான் போகும்.

மெஷின் வாங்கினால் கவனிக்க வேண்டிய இடம், டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு. அது எந்தச் சத்தையும் சேர்ப்பதில்லை. மெம்பிரேனுக்கு (உப்பைத் தடுக்கும் சவ்வுக்கு) போகாத தண்ணீரைக் கொஞ்சம் திருப்பி, சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது. கணக்குப் பாருங்கள்: உள்ளே 940, மெம்பிரேன் தாண்டி 60 என்று வைத்துக்கொள்வோம். வெளியே 150 வேண்டுமானால் பத்தில் ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்க வேண்டும். 300 வேண்டுமானால் நான்கில் ஒரு பங்குக்கு மேல். போரில் நைட்ரேட் 110-ம், மெம்பிரேன் தாண்டி 15-ம் இருந்தால், 150-ல் வைத்தபோது டம்ளரில் நைட்ரேட் 25-ஐ ஒட்டி இருக்கும், 300-ல் வைத்தால் 40-ஐத் தாண்டி வரம்பை உரசும். எனவே 'சத்துக்காக' என்று திருகைக் கண்டபடி திறக்கச் சொல்லாதீர்கள். 100 முதல் 150-க்குள் வைக்கச் சொல்லுங்கள். கலக்கும் தண்ணீர் யூ.வி. விளக்கைத் தாண்டித்தான் வருகிறதா என்று கேட்டு, குழாய் போகும் வழியைக் காட்டச் சொல்லியே பாருங்கள்.

மெம்பிரேன் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் உதவும். கன்ட்ரோலரை மூடிவிட்டு, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளவிடுங்கள். 940 உள்ளே போய் 60 வந்தால் 94 சதவீதம் தடுக்கிறது. 190 வருகிறது என்றால் 80 சதவீதம். மாற்றும் நேரம் வந்துவிட்டது. காலையில் முதலில் வரும் தண்ணீரை அளந்துவிட்டுப் பதறாதீர்கள். மெஷின் இரவு முழுக்க நின்றிருந்தால் உப்பு மெம்பிரேன் வழியாக மெல்லக் கசிந்து அந்தப் பக்கம் சேர்ந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓடியபின் எண் இறங்கிவிடும். சர்வீஸ் ஆள் அந்த முதல் தண்ணீரை அளந்துகாட்டி மெம்பிரேன் போய்விட்டது என்றால் நம்பாதீர்கள். கார்பன் ஃபில்டரை மட்டும் காலம் தாழ்த்தாமல் மாற்றுங்கள்: காவிரித் தண்ணீரை மெஷினில் விட்டால் அதிலுள்ள குளோரினை அந்தக் கார்பன்தான் பிடிக்கிறது. அது தீர்ந்தால் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும்.

வெளியேறும் கழிவுத் தண்ணீர் விஷமில்லை. நான்கு பங்கு உள்ளே போய் ஒரு பங்கு சுத்தமாக வந்தால், மிச்சம் மூன்று பங்கில் கரைபொருள் 1,230-ஐ ஒட்டி இருக்கும், அவ்வளவுதான். வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றலாம். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பேறும். தென்னை தாங்கும், கறிவேப்பிலையும் ரோஜாவும் இலை கருகும்.

குரூப்பில் ஆதாரம் போடுவது பற்றிக் கேட்டீர்கள். ஐ.எஸ். 10500-ஐத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர்த் தர வழிகாட்டுதல் நான்காம் பதிப்பு, சேர்க்கைகளோடு 2022-ல் வந்தது, அதன் தளத்தில் இருக்கிறது. எண்ணை எடுத்துப் போடும்போது அலகைச் சேர்த்துப் போடுங்கள். அமெரிக்காவில் நைட்ரேட் வரம்பு 10 என்று ஒருவர் கிளம்பி வருவார். அங்கே நைட்ரஜனாகக் கணக்கிடுகிறார்கள், அந்த 10 நம் கணக்கில் ஏறத்தாழ 45-க்குச் சமம். ஃபுளோரைடுக்கு அங்கே சட்ட வரம்பு 4 என்று இன்னொருவர் தைரியம் சொல்வார். வெயிலில் வேலை செய்து நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கிற ஊருக்கு அந்த எண் உதவாது, நம் தரத்தின் 1.0-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

குரூப்புக்கு இப்படிப் போடலாம்: 'உலகச் சுகாதார நிறுவனம் ஆர்.ஓ.வைத் தடை செய்யவில்லை; கரைபொருளுக்கு உடல்நல வரம்பும் வைக்கவில்லை (குடிநீர் வழிகாட்டுதல், 2022). நம் நாட்டுத் தரம் ஏற்பது 500, வேறு வழியில்லாவிட்டால் 2,000 (ஐ.எஸ். 10500, 2012). 50-க்குக் கீழே வேண்டும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை. நம் போர் தண்ணீரில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று பார்க்கக் கொடுத்திருக்கிறோம். அறிக்கை வந்ததும் போடுகிறேன்.' தம்பி வேறு ஏதாவது அனுப்பினால் ஆவணத்தின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் கேளுங்கள்.

மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்த பின் ஒருமுறை மாதிரி கொடுங்கள். மழை இறங்கியதும் சில போர்களில் கரைபொருளும் ஃபுளோரைடும் குறையும். நைட்ரேட்டும் கிருமியும் கூடுவதும் உண்டு. கோடையில் எடுத்த ஒரே அறிக்கையை வைத்து ஆண்டு முழுக்க முடிவு செய்ய வேண்டாம்.